ஒத்துழைப்பா, ஒத்து ஊதலா?

ரேஷன் கடைக்குச் சர்க்கரை வரவில்லையென்றால் கதவில் ஒரு அட்டை தொங்குகிறது. நாள் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துவதானால் பத்திரிகையில் ஒரு அறிக்கை வருகிறது. சாக்கடைக்கென்று தெருவைத் தோண்டிப் போட்டு மூன்று மாதம் மூடாமல் வைத்திருந்தால் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை நிற்கிறது. இந்த மூன்றிலும் கடைசி வரி ஒன்றேதான். "பொதுமக்கள் ஒத்துழைப்புத் தரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதாகும். சரி, இதில் பொதுமக்கள் செய்ய வேண்டிய உழைப்பு என்ன என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு சும்மாயிருங்கள் என்பதைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்லுகிறார்கள்.

தோழர்களே! இந்த வார்த்தையை யார் யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்கள் என்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முதலாளி தொழிலாளியைப் பார்த்துச் சொல்லுகிறான். அதிகாரி குடிகளைப் பார்த்துச் சொல்லுகிறான். புருஷன் பெண்சாதியைப் பார்த்துச் சொல்லுகிறான். தெருக் கூட்டுகிற ஒருவர் முனிசிபல் சேர்மனிடம் போய், "ஐயா, மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறது, இந்த விஷயத்தில் தாங்கள் சற்று ஒத்துழைக்க வேண்டும்" என்று சொன்னதாக நீங்கள் யாராவது கேள்விப்பட்டதுண்டா? அவர் அப்படிச் சொன்னால் அதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் கிடையாது. திமிர் என்று பெயர். ஆகவே, மேலேயிருந்து கீழே மட்டும் ஓடுகிற ஒரு வார்த்தையைப் பற்றி நாம் சந்தேகப்பட வேண்டியது அவசியமாகிறது.

இங்கிலீஷில் இதற்கு உள்ள பதம் கோவாபரேஷன் என்பது. அது லத்தீன் பாஷையிலிருந்து வந்ததாகவும், கூடி வேலை செய்தல் என்பதே அதன் கருத்து என்றும் படித்தவர்கள் சொல்லுகிறார்கள். அந்த ஒரு பதத்துக்கு நாம் தமிழில் இரண்டு வார்த்தைகள் வைத்திருக்கிறோம். சங்கம் வைத்துப் பணம் போட்டுக் கடையோ பாங்கியோ நடத்தினால் அது கூட்டுறவு. ஒருவன் சொன்ன காரியத்துக்கு மற்றவன் கைகொடுத்தால் அது ஒத்துழைப்பு. பண்டிதர்கள் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் காரியத்தில் இந்த இரண்டு வார்த்தைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை நம் நாட்டுச் சரித்திரத்திலேயே காணலாம். அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

அதற்கு முன் "ஒத்து" என்பதைப் பார்ப்போம். நாயனக் கச்சேரி கேட்டவர்களுக்கு ஒத்து என்றால் தெரியும். நாயனக்காரர் ராகம் வாசிப்பார், தவுல்காரர் முழக்குவார், பக்கத்தில் ஒருவர் நாயனத்தைப் போலவே ஒரு குழலை வாயில் வைத்துக்கொண்டு, கன்னம் உப்ப, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருப்பார். மூச்சு வாங்கும்போது கூடச் சத்தம் அறுபடக் கூடாது. ராகம் என்ன என்று தீர்மானிப்பது அவர் வேலையல்ல. இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டதால் ஒத்துக்காரரை அநேகமாகக் காண முடியவில்லை. ஆனால் கச்சேரியை விட்டுப் போன ஒத்து, பேச்சில் மாத்திரம் நன்றாக உயிரோடு இருக்கிறது. எஜமான் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்று நம் பாட்டிமார்களும் சொன்னார்கள், நாமும் சொல்லுகிறோம். மேலே சொன்ன அட்டைகளிலும் பலகைகளிலும் கேட்கப்படுவது ஒத்துழைப்பா, ஒத்து ஊதலா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

போலீஸார் விஷயத்தில் இது வேடிக்கை என்ற அளவைத் தாண்டிவிடுகிறது. ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள்வி கேட்கிறார்கள். அவர்கள் எதிர்பார்த்த பதில் வரவில்லை. மறுநாள் பத்திரிகையில் "விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று வருகிறது. குற்றம் சாட்டப்பட்ட எவனையும் தனக்கு விரோதமாகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்லுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்கிற ஒரே காரணத்துக்காக ஒருவன் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது என்று 2017ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாய்விட்டது. கோர்ட்டு சொல்லித்தான் இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டியிருக்கிறது என்றால், வார்த்தை எவ்வளவு தூரம் கெட்டுப்போயிருக்கிறது பாருங்கள்!

நம்மைக் கேட்டால் இதற்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. மாட்டேன் என்று சொல்ல ஒருவனுக்கு இடமிருக்கிறதா? அப்படிச் சொன்ன பிறகும் அவன் சோறும் கூரையும் அவனிடமே இருக்குமா? இருக்குமானால் அவன் செய்வது ஒத்துழைப்பு. இல்லையானால் அது அடிமை வேலை. 1920ல் காங்கிரஸ்காரர்கள் ஒத்துழையாமை என்று ஆரம்பித்தபோது இந்த உண்மை நாட்டுக்கெல்லாம் தெரிந்தது. கோர்ட்டுக்குப் போகாதே, பட்டத்தைத் திருப்பிக் கொடு, கவுன்சிலுக்குப் போகாதே என்றார்கள். அதாவது, ஒத்துழைப்பு என்பது கொடுக்கிறவன் கையில் இருக்கிற சரக்கு, வேண்டாமென்றால் அவன் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் தாத்பர்யம். நல்ல பாடந்தான். ஆனால் வெள்ளைக்காரனிடத்தில் மாட்டேன் என்று சொல்லப் பழகிக்கொண்ட மிராசுதார், தன் பண்ணையாள் தன்னிடத்தில் அதையே சொன்னால் கேட்டுக்கொண்டிருந்தாரா? மேலே இருக்கிறவர்கள் கூடி ஒரு குடும்பத்துக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்க மறுத்தால் அது ஊர்க் கட்டுப்பாடாம்! கீழே இருக்கிற ஒருவன் சாவுக்குப் பறையடிக்க மறுத்தால் அது மட்டும் ஊர் ஒற்றுமையைக் கெடுப்பதாம்!

பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் குடிமராமத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கூடி ஏரியைத் தூர் வாரினார்கள், வாய்க்காலை வெட்டினார்கள், இதைவிடக் கூட்டுறவு வேறு உண்டா என்பார்கள். ஏரி வெட்டியது உண்மைதான். வெட்டியது யார்? நிலமுள்ளவன் தன் பங்குக்குத் தன் ஆளை அனுப்பிவிட்டுக் கரைமேல் குடை பிடித்து நிற்பான். சேற்றில் இறங்கியவனுக்கு அந்த ஏரித் தண்ணீர் பாய ஒரு குழி நிலம் கூடக் கிடையாது. மேலும், அது எல்லோரும் மனமொப்பிச் செய்த வேலையாக இருந்தால் 1858ல் சென்னை ராஜதானிக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று எதற்காக வந்தது? வழக்கப்படி வர வேண்டிய ஆள் வராமற் போனால் அந்த வேலையின் மதிப்பைப் போல் இரட்டிப்புத் தொகையை வசூலிக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் கண்டிருக்கிறது. 2017ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏரிகளைப் பழுதுபார்க்க ஒரு திட்டம் போட்டு அதற்கும் குடிமராமத்து என்றே பெயர் வைத்தது. ஏரியைப் பழுது பார்ப்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. பெயரில்தான் ஆட்சேபணை.

நம் கிராமங்களில் நிஜமான ஒத்துழைப்பே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டு சின்னக் குடியானவர்கள், ஆளுக்கு ஒரு மாடுதான் உண்டு. இன்றைக்கு உன் மாட்டை என் மாட்டோடு பூட்டி என் நிலம் உழுகிறேன், நாளைக்கு என் மாட்டைக் கொண்டுபோய் உன் நிலம் உழுதுகொள் என்கிறார்கள். ஒருவன் ஏமாற்றினால் மற்றவன் மறுநாள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். அதனாலேயே இருவரும் ஏமாற்றுவதில்லை. இதில் மேல் கீழ் எங்கே இருக்கிறது?

நிற்க. மேலே சொல்லுவதாகச் சொன்ன சங்கதிக்கு வருவோம். தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாளின் குடிசை நின்ற மனை அவனுடையதல்ல. மிராசுதாருடையது. கூலி போதாது என்று அவன் வாயைத் திறந்தால் நெல்லைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்றால் போதும். பெண்டு பிள்ளைகளோடு எங்கே போவான்? அதனால் வாயைத் திறக்க மாட்டான். இதைத்தான் மிராசுதார்கள் எஜமானுக்கும் ஆளுக்கும் உள்ள பரம்பரை ஒத்துழைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1920ல் சென்னை சர்க்கார் லேபர் கமிஷனர் என்று ஒரு உத்தியோகத்தை ஏற்படுத்தி, தாழ்த்தப்பட்டவர்களுடைய காரியத்தையும் அவரிடம் ஒப்புவித்தார்கள். அந்த இலாகா செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, ஆதித்திராவிடர்களைக் கொண்டே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, சங்கத்தின் மூலம் கடன் கொடுத்து, வீட்டு மனைகளை வாங்கச் செய்து, தவணை தவணையாகப் பணத்தைக் கட்டச் செய்ததாகும். மனை என்றால் என்ன பிரமாதம்? ஒரு குடிசையும் ஒரு முருங்கை மரமும் நிற்கிற இடம். அதற்கு மிராசுதார்கள் காட்டிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் மூடர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொந்த மனையில் குடியிருக்கிறவன் கூலி கேட்பான், மாட்டேன் என்பான் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதாவது, கூட்டுறவு வந்தால் ஒத்துழைப்புப் போய்விடும்! இங்கிலீஷில் ஒரே வார்த்தையாக இருப்பது தஞ்சாவூர் வயல் வரப்பில் இரண்டு கட்சியாக நின்றது இப்படித்தான்.

அந்தச் சங்கங்களால் கொஞ்சம் பேருக்குத்தான் மனை கிடைத்தது. மீதிப் பேர் அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள். இடையில் 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு கீழவெண்மணியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுச் சங்கமாய்ச் சேர்ந்து நின்ற ஆதித்திராவிடத் தொழிலாளர் குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அப்போது நிலக்காரர்களும் சங்கம்தான் வைத்திருந்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று அதற்குப் பெயர். நாலு பேர் கூடிவிட்டால் மாத்திரம் அது கூட்டுறவு ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. 1971ல் குடியிருப்பு மனைகளை அதில் குடியிருப்பவர்களுக்கே சொந்தமாக்கிச் சட்டம் வந்தது.

இனி, கூட்டுறவு என்கிற பெயருக்கு யோக்கியதையுள்ள காரியம் எப்படியிருக்கும் என்பதற்கு ராச்டேல் நெசவாளர்களைச் சொல்லலாம். இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவில் ராச்டேல் என்று ஒரு ஊர். அங்கே நெசவுக்காரர்களும் வேறு கைத்தொழிலாளிகளுமாக 28 பேர் சேர்ந்து, வாரம் சில பென்னி வீதம் மிச்சம் பிடித்து, தலைக்கு ஒரு பவுனாக 28 பவுன் சேர்த்து, 1844 டிசம்பர் 21ந் தேதி டோட் லேன் என்கிற தெருவில் ஒரு கடை திறந்தார்கள். சரக்கு என்ன? கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அங்கே கடைக்காரர்கள் மாவில் சுண்ணாம்புக் கல் தூளைக் கலந்து விற்றார்கள். இவர்கள் கலப்படம் செய்வதில்லை, நிறையைக் குறைப்பதில்லை, கடன் கொடுப்பதில்லை என்று ஏற்படுத்திக்கொண்டார்கள். லாபத்தைப் பணம் போட்டவனுடைய பணத்துக்குத் தக்கபடி பங்கிடாமல், சரக்கு வாங்கினவன் வாங்கின அளவுக்குத் தக்கபடி திருப்பிக் கொடுத்தார்கள். மதத்தைப் பற்றி யாரையும் கேட்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்பது. பெண்களுக்கும் உண்டு. கலியாணமான பெண்ணின் சொத்து புருஷனுடையது என்று சட்டம் இருந்த காலம் அது. பார்லிமெண்டுத் தேர்தலில் இங்கிலாந்துப் பெண்கள் ஆண்களோடு சமமாக ஓட்டுப் போடுவதற்கு 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சின்ன மளிகைக் கடையில் எண்பது வருஷத்துக்கு முன்பே அது நடந்துவிட்டது. அந்தக் கடைக்குப் பின்னால் கடவுளும் இல்லை, கவர்னரும் இல்லை.

நம் மாகாணத்துக்கு இது வேறு வழியாக வந்தது. சென்னை சர்க்கார் நிக்கல்சன் என்ற உத்தியோகஸ்தரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் 1895லும் 1897லும் அறிக்கை கொடுத்து, ஜெர்மனியில் ரைபீசன் என்பவர் குடியானவர்களுக்காக நடத்தின நாணயச் சங்கங்களைப் போல் இங்கேயும் வேண்டும் என்றார். 1904ல் சட்டம் வந்தது. அந்த வருஷமே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் விவசாயக் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் தோன்றின. கந்து வட்டிக்காரனிடமிருந்து எத்தனையோ குடும்பங்கள் தப்பின என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ரைபீசன் முறையில் ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஒரு காணி நிலமும் இல்லாதவனுடைய கடனுக்குப் பொறுப்பேற்க எந்தப் பட்டாதாரர் சம்மதிப்பார்? சங்கத்தின் வாசலில் ஜாதியை எழுதிப் போடவில்லை. சொத்தை எழுதிப் போட்டார்கள். நம் நாட்டில் இரண்டும் ஒரே கணக்குத்தான். அத்தோடு, இங்கிலாந்தில் கீழேயிருந்து முளைத்தது இங்கே மேலேயிருந்து ரிஜிஸ்திரார் மூலமாக இறங்கி வந்தது. அந்தப் பழக்கத்தினால்தான் இன்றைக்கும் அங்கத்தினர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டியைக் கலைத்துவிட்டுத் தனி அதிகாரியை உட்கார வைத்தால் ஒருவருக்கும் கோபம் வருவதில்லை. அது சர்க்கார் ஆபீஸ்தானே என்று போய்விடுகிறார்கள்.

நம் தோழர்களில் சிலர் இந்த இடத்தில் ரஷ்யாவைப் பார் என்பார்கள். பார்ப்போம். நமக்கு அந்த நாட்டின்மேல் இருந்த ஆசை இரகசியமல்ல. ஆனாலும் நாம் வைத்த பரீட்சை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். 1929 கடைசியிலிருந்து அங்கே குடியானவர்களைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்தார்கள். எல்லாம் சொந்த இஷ்டம் என்றுதான் சொன்னார்கள். 1930 மார்ச்சில், பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு வந்த சமயத்தில், கட்டாயம் கூடாது என்று ஸ்டாலினே பத்திரிகையில் எழுத வேண்டி வந்தது. எழுதினவுடன் என்ன நடந்தது? மாட்டை ஓட்டிக்கொண்டு ஜனங்கள் வெளியேறினார்கள். சில மாதத்துக்குள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான குடும்பங்களே மிஞ்சின. கதவு திறந்திருந்த அந்தச் சில மாதத்தில் ரஷ்யக் குடியானவன் சொன்ன பதில் அது. பிறகு கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. 1932-33ல் பெரும் பஞ்சம் வந்து பல லட்சக்கணக்கான பேர் மாண்டார்கள். மிராசுதார் கேட்டாலும் பொதுவுடைமை சர்க்கார் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் கொடுப்பது ஒத்துழைப்பு ஆகாது.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். மேடையேறுகிற தோழர்கள் பலர் "என் பொதுவாழ்வுக்கு என் மனைவி நல்ல ஒத்துழைப்புத் தருகிறார்" என்று சொல்லக் கைதட்டுகிறோம். அந்த அம்மாளின் பொதுவாழ்வுக்கு நீர் என்ன ஒத்துழைப்புத் தருகிறீர் என்று இதுவரை ஒருவரும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை. இதை எழுதுகிற நாமும் அப்படிப் பேசினவர்தான்.

கடைசியாக, நமக்கே நேர்ந்த ஒன்று. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்துக் கடன் சங்கத்தில் நாம் அங்கத்தினராக இருந்தோம். மகாசபைக் கூட்டம் என்றால் முதல் நாள் ஒரு ஆள் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவான். கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு போவான். கூட்டம் நடந்துவிட்டதாக அர்த்தம். அந்த வருஷம் புத்தகம் வரவில்லையோ, நாம் வீட்டில் இல்லையோ, நேரில் போக நேர்ந்தது. ஒரு பெஞ்சு, நாலு நாற்காலி, டீயும் வடையும் தயாராக இருந்தன. காரியதரிசி புத்தகத்தை நீட்டி, "எல்லோரும் சீக்கிரம் ஒத்துழைச்சிட்டா வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்" என்றார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றோம். "ஏன், எங்கமேல நம்பிக்கை இல்லையா?" என்று அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்போம். நாலு பேர் சிரித்தார்கள். அப்போது கைரேகை வைப்பதற்காக வரிசையில் நின்ற ஒரு கிழவி, மை தடவின கட்டை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தம்பி படிக்கட்டும். சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்க, எனக்கும் காதுல விழட்டும்" என்றாள்.

படித்தோம். முதல் தீர்மானம் வரவேற்பு. இரண்டாவது வரவு செலவு. மூன்றாவதில், வாராக் கடனாகத் தள்ளுபடி செய்ய வேண்டிய தொகை என்று ஒரு ஜாபிதா இருந்தது. அதில் கமிட்டியார் இரண்டு பேருடைய உறவுக்காரர்கள் பேர் இருந்தது. கிழவி அந்தப் பேர்களை மறுபடியும் ஒரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு விரலிலிருந்த மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. நாலாவது தீர்மானத்துக்கு நாங்கள் போகவேயில்லை.